உபசாரகர் புன்னகைத்தார்

மருதேந்தல் கண்மாய்க் கரை போன கார்த்திகை மழையில் தெற்கு மடைக்குப் பக்கத்தில் உடைந்தது. மாட்டோடு ஒரு வண்டி நுழைந்து திரும்பிவிடலாம் போல வாயைப் பிளந்தது. ஊர் ஒரு வருஷம் பாய்ச்ச வேண்டிய தண்ணீர் ஒரே பகலில் உடைமரக் காட்டைக் கடந்து கடலில் போய்ச் சேர்ந்தது. அந்த வருஷம் மருதேந்தலில் சொந்த நெல்லைச் சோறாக்கித் தின்ற வீடு ஒன்றுகூட இல்லை.

சமஸ்தானக் காலமாக இருந்திருந்தால் இதில் சொல்வதற்கு ஒரு கதையும் இருந்திருக்காது. ஆவணி பிறந்ததும் வீட்டுக்கு ஓர் ஆள் மம்பட்டியோடு கரைக்கு வந்துவிடுவான். ஊர்த் தலைவரான நாகநாத அம்பலத்தின் வீட்டார் முதல் கூடை மண்ணைப் போடுவார்கள். மற்றவர்கள் தொடர்வார்கள். ஐப்பசி மழை வரும்போது கரை மழையை எதிர்பார்த்து நிற்கும். பிறகு ஜமீன் ஒழிந்து கண்மாய் சர்க்காருடையதாயிற்று. அன்றைக்கு ஊருக்குச் சர்க்கரைப் பொங்கல் வைத்தவரே அம்பலம்தான். சர்க்கார் கண்மாயோடு சேர்த்து அதன் உடைப்பையும் எடுத்துக்கொண்டுவிட்டது என்பது பிற்பாடுதான் தெரிந்தது. மனுக் கொடுத்ததும் மராமத்து ஓவர்சியர் வந்தார். கரையில் நின்று வெற்றிலை போட்டார். சர்க்கார் கரையில் அனுமதியில்லாமல் ஒரு கூடை மண்ணை எடுத்தாலும் குற்றம், போட்டாலும் குற்றம் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அம்பலத்தின் குடும்பத்தில் யாரும் கோர்ட்டுப் படி ஏறியதில்லை. வழக்குத் தீர்க்க உட்கார்ந்த குடும்பம் அது. கூண்டில் நின்று பழக்கமில்லை. ஆகவே மம்பட்டியைத் தொடாமல் அனுமதிக்காகக் காத்திருந்தார். மழைக்கு முன்னால் உடைப்பை அடைத்தாக வேண்டும். ஊருக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

சர்க்கார் ஒரு ஜீப்பை அனுப்பியது.

ஜீப்பிலிருந்து வட்டார வளர்ச்சி அதிகாரி ஞானசிகாமணி இறங்கினார். வெள்ளைக் கதர் சட்டை, கையில் தோல் பை. அவருக்குப் பின்னால் ஒரு கட்டுக் காகிதத்தைச் சுமந்துகொண்டு கிராம சேவக் அருளானந்தம் வந்தார். திருப்பாலைக்குடிக்காரர். கடலைப் பற்றிக் கேட்டால் பதில் சொல்வார். அதனால்தானோ என்னவோ, அவரை வயக்காட்டு ஊரில் போட்டிருந்தார்கள்.

"இனிமேல் அதிகாரிகள் பேசமாட்டோம். மக்கள்தான் பேச வேண்டும்," என்று ஆரம்பித்தார் ஞானசிகாமணி. இந்தக் கருத்தை விளக்கி அவர் பேசி முடித்தபோது மாடுகள் மேய்ந்து வீடு திரும்பிக்கொண்டிருந்தன.

புதுத் திட்டத்தின் பெயர் 'மக்களே நடத்தும் மன்றம்'. ஊர் ஜனங்கள் வட்டமாக உட்கார வேண்டும். மேடை கிடையாது, தலைவர் கிடையாது. யார் வேண்டுமானாலும் தலைப்புக் கொடுக்கலாம். கூட்டத்துக்கு இடம் கொடுத்து உபசரிப்பவருக்கு 'மன்ற உபசாரகர்' என்று பெயர். பேசியதை எழுதுபவருக்குக் 'குறிப்பாளர்' என்று பெயர். குறிப்பு இராமநாதபுரத்துக்குப் போகும். அங்கிருந்து மதராஸுக்குப் போகும். அதற்கும் மேலே எங்கே போகும் என்பதைக் கையை ஆகாயத்துக்குக் காட்டித் தெரிவித்தார்.

ஊரில் பெரிய வீடு அம்பலத்தின் வீடு. ஆகவே அவர்தான் உபசாரகர் என்று அதிகாரி அறிவித்தார். மக்கள் தாமாகவே அவரைத் தேர்ந்தெடுத்ததாக அருளானந்தம் எழுதிக்கொண்டார்.

அம்பலத்துக்கு உள்ளூரச் சந்தோஷம்தான். வீடு தேடி வந்த சர்க்காரிடம் உடைப்பைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிடலாமே! தொண்டையைச் செருமினார்.

அதிகாரி கையை உயர்த்தித் தடுத்தார். "அம்பலம் அவர்களே, உபசாரகர் தம் கருத்தைச் சொல்லக் கூடாது. உபசாரகர் என்பவர் மன்றத்தின் கண்ணாடி. கண்ணாடிக்கு வாய் உண்டா? கிடையாது. தாங்கள் பாய் விரிக்கலாம், மோர் கொடுக்கலாம், சாப்பாடு போடலாம், புன்னகைக்கலாம்."

"சிரிக்கிறதுக்கு நான் எதுக்குங்க?" என்றார் அம்பலம்.

"இதோ, இது கருத்து," என்றார் அதிகாரி.

முதல் மன்றத்திலேயே பாக்கர் எழுந்து நின்றார். கண்மாய்க்கு நேர் கீழே அவருடைய வயல். போன வருஷம் நாற்றோடு மண்ணும் போனவர்.

"எங்களுக்கு ஒரே தலைப்புத்தான் சார். கம்மாக் கரை ஒடப்பு. அதை அடைக்கணும்."

வட்டம் முழுவதும் தலையாட்டியது. அதிகாரியும் தலையாட்டினார்.

"மிக நல்ல தலைப்பு. ஆனால் மக்கள் தாங்களே செய்து முடிக்கக்கூடிய காரியம்தான் மக்கள் தலைப்பு ஆகும். கண்மாய் மராமத்து இலாகாவுடையது."

"அப்பச் சரி, நாங்களே அடைச்சுக்கிறோம். உத்தரவு மட்டும் குடுங்க."

"சர்க்கார் சொத்தில் மக்கள் கை வைக்கலாகாது."

"எங்களால ஏலாதுன்னா அது எங்க தலைப்பு இல்ல. எங்களால ஏலும்னா கையை வைக்கக் கூடாது. அப்படித்தானே சார்?"

"திட்டத்தை எவ்வளவு சுருக்கமாகப் புரிந்துகொண்டார் பாருங்கள்!" என்று அதிகாரி அகமகிழ்ந்தார். "எழுதிக்கொள்ளும், அருளானந்தம்."

எந்த வகையிலும் சேராத தலைப்புகளை ஒரு சீட்டில் எழுதி ஒரு பானையில் போட்டு வைக்க வேண்டும் என்பது விதி. பானைக்குப் பெயர் 'பொறுமைப் பானை'. அதையும் உபசாரகர்தான் கொடுக்க வேண்டும். அம்பலத்தின் மனைவி வீரலெட்சுமி புளிப் பானையைக் கழுவிக் கொடுத்தாள். உடைப்பு அதற்குள் போயிற்று. மிச்சப் பொழுது வெள்ளைக் கோழி வளர்ப்பதைப் பற்றி மக்கள் தாமாகவே பேசினார்கள். அதாவது அதிகாரி பேசினார், மக்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள், அருளானந்தம் எழுதினார்.

மன்றம் முடிந்ததும் அதிகாரி தம் பரிவாரத்தோடு சாப்பிட்டார். வாழையிலை, பருப்பு, நெய், அயிலை மீன் குழம்பு, கத்தரிக்காய்ப் பொரியல், பாயசம். நெல் இல்லாத வருஷத்தில் சந்தையில் வாங்கிய அரிசி. அவர் திருப்தியாகக் கை கழுவும்போது அம்பலம் துண்டை நீட்டிக்கொண்டு நின்றார். வார்த்தை நாக்கு நுனிக்கு வந்தது. அங்கேயே நின்றுவிட்டது.

அதிகாரியின் விதி ஒரு பக்கம் இருக்கட்டும். அந்த வீட்டுக்கே ஒரு விதி உண்டு. தம் வீட்டில் கை நனைத்தவரிடம் அந்த வீட்டார் எதையும் கேட்பதில்லை. கேட்டால் போட்ட சோற்றுக்கு விலை வாங்கியதாகிவிடும். அம்பலத்தின் தகப்பனார் மருமகனிடம்கூட வாய் விட்டு எதையும் கேட்காமலே கண்ணை மூடியவர்.

ஜீப் போனதும் வீரலெட்சுமி வாசலுக்கு வந்தாள்.

"கேட்டீங்களா?"

"அந்தாளு சாப்பிட்டுட்டாரே."

"சாப்பிடுறதுக்கு முந்திக் கேக்குறது."

"முந்தியும் பேசக் கூடாதாம். நான் கண்ணாடியாம்."

"கண்ணாடியா!" என்றாள் வீரலெட்சுமி. "உங்க அய்யா இருந்து கேட்டிருந்தா அந்தாளைச் சீப்பாக்கி அனுப்பியிருப்பாரு."

அடுத்தடுத்து மன்றங்கள் நடந்தன. ஒவ்வொன்றுக்கும் அதிகாரி புதிதாக ஒரு விதியைக் கொண்டுவந்தார். பேச விரும்புகிறவர் கையில் தேங்காயை வைத்துக்கொண்டுதான் பேச வேண்டும் என்றார். தேங்காய் பாக்கர் கைக்கு வரும்போதெல்லாம் அவர் உடைப்பு என்றார். ஒருவரே திரும்பத் திரும்ப ஒரே தலைப்பைப் பேசினால் அது தனிநபர் வெறி ஆகும் என்று அதற்கொரு விதி வந்தது. ஆகவே சேதுலட்சுமி தேங்காயை வாங்கினாள். இரண்டு துண்டு வயலை ஒற்றை ஆளாக உழுது பிழைக்கிற கைம்பெண் அவள்.

"ஆவணியும் போச்சு, புரட்டாசியும் போகப் போகுது. மேகம் கெழக்க தெரண்டுக்கிட்டு நிக்குது. இன்னைக்கி அந்தக் கரையை அடைக்கலைன்னா நாளைக்கி என் புள்ளைக வாயை எதை வச்சு அடைக்கிறது? அதைச் சொல்லுங்க சார் மொதல்ல."

அன்றைய குறிப்பில் அருளானந்தம் எழுதியது: 'ஒரு சகோதரி பருவகாலங்களின் அழகைப் பற்றிப் பேசினார். உபசாரகர் புன்னகைத்தார்.'

அம்பலம் அருளானந்தத்தைத் தனியே கூப்பிட்டார்.

"ஏன் தம்பி, அந்தப் புள்ள அப்படியா சொல்லுச்சு?"

அருளானந்தம் கையைப் பிசைந்தார். "அய்யா, குறையை எழுதினா அது மனுவாயிரும். மனுவை மன்றக் குறிப்புல எழுதக் கூடாது. மனுவுக்கு வேற ஆபீஸு."

"அந்த ஆபீஸுல குடுத்து வருஷம் ஒண்ணாகப் போகுதேப்பா."

"அங்க கேட்டா, ஊருல மன்றம் நடக்குதே, அங்கன சொல்லுங்கன்னுதான் சொல்வாங்க அய்யா."

"நான் எப்பச் சிரிச்சேன்?"

"அது அச்சடிச்சே வந்துருது அய்யா. நான் எழுதுறதில்ல."

குறிப்பு அன்றன்றே இராமநாதபுரம் போய்ச் சேர வேண்டும் என்று ஐப்பசி பிறந்ததும் ஓர் உத்தரவு வந்தது. திருவாடானை வட்டார ஆபீஸில் டைப் அடிப்பவர் மாலை நான்கு மணிக்கு வீட்டுக்குப் போய்விடுவார். ஆகவே குறிப்பை முதல் நாளே தயாரித்துக் கொண்டுவந்தார் அதிகாரி. மக்கள் அதைப் பார்த்துப் பேசினால் போதும்.

"பேசுறதை எழுதினது போய், எழுதினதைப் பேசணுமா சார்?" என்று பாக்கர் கேட்டார்.

"மக்களுக்குச் சிரமம் வைக்கக் கூடாது என்பதுதான் திட்டத்தின் உயிர்," என்றார் அதிகாரி. "தாங்கள் பக்கம் இரண்டில் சிரிக்கிறீர்கள். கொஞ்சம் சிரியுங்கள், பார்ப்போம்."

பாக்கர் சிரிக்கவில்லை. அவர் சிரித்ததாகவே குறிப்பு போயிற்று. குறிப்பு நன்றாக இருந்தபடியால் மாவட்டத்துப் பெரிய அதிகாரியே மருதேந்தல் மன்றத்தைப் பார்க்க வருவதாகத் தகவல் வந்தது. மன்றம் தானாக நடப்பது போல் இருக்க வேண்டும் என்பதற்காக மூன்று ஒத்திகை நடந்தது.

அந்த நாளும் வந்தது. விடிந்ததிலிருந்தே கிழக்கே வானம் சட்டியடி போலக் கறுத்திருந்தது. ஜீப்புகள் வரிசையாக வந்தன. அம்பலத்தின் வீட்டு முற்றத்துக்கு மேல் பந்தல். பின்கட்டில் பெரிய கொப்பரையில் சோறு வெந்துகொண்டிருந்தது.

பெரிய அதிகாரி பேச எழுந்தபோது முதல் துளி விழுந்தது.

"நான் பேச வரவில்லை. உங்கள் பேச்சைக் கேட்க வந்தேன்," என்றார் அவர். பிறகு பேசினார். "மக்கள் தங்கள் தேவையைத் தாங்களே உணர வேண்டும். உணர்ந்தபின் அதை எங்களிடம் சொல்ல வேண்டும். சொன்னபின் அதை மறந்துவிட வேண்டும். ஏனெனில் தேவை தீருவதல்ல முக்கியம், தேவையைச் சொல்லும் பழக்கம் வளருவதுதான் முக்கியம். தேவை தீர்ந்துவிட்டால் மக்கள் நாளைக்கு எதைப் பேசுவார்கள்?"

ஞானசிகாமணி கைதட்டினார். மழை கைதட்டலை மூழ்கடித்தது. கண்மாய்ப் பக்கமிருந்து ஓடைச் சத்தம் கேட்கத் தொடங்கியது. மேட்டுத் தண்ணீர் இறங்கி வருகிறது. அது கண்மாயில் நிறைந்து உடைப்பைத் தொட அரைப் பகல் போதும். ஆண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ஒருவன் எழுந்தான்.

"நிறைவு வட்டம் முடியாமல் யாரும் எழக் கூடாது," என்றார் ஞானசிகாமணி. "ஒவ்வொருவரும் தம் மனத்தில் உள்ளதை ஒரே வார்த்தையில் சொல்ல வேண்டும். ஒரே வார்த்தை. அருளானந்தம், எழுதிக்கொள்ளும்."

தேங்காய் சுற்றி வந்தது.

"ஒடப்பு," என்றார் பாக்கர்.

"ஒடப்பு," என்றாள் சேதுலட்சுமி.

அடுத்தவன் ஒடப்பு என்றான். அதற்கடுத்தவனும் அதையே சொன்னான். காது கேட்காத கிழவர் ஒருவர் தேங்காயைத் தடவிப் பார்த்துவிட்டு, யாரும் சொல்லிக் கொடுக்காமலே ஒடப்பு என்றார். வட்டம் சுற்றி முடியும்வரை வேறு வார்த்தை வரவில்லை.

பெரிய அதிகாரியின் கண் கலங்கிவிட்டது. "ஊரே ஒரே வார்த்தையைச் சொல்கிறதே! இதை என்னவென்று எழுதுகிறீர்கள்?"

"ஒற்றுமை, சார்," என்றார் ஞானசிகாமணி.

தேங்காய் கடைசியாக அம்பலத்தின் கைக்கு வந்தது. உபசாரகருக்குப் பேச்சில்லை என்பதால் ஞானசிகாமணி அதை வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினார். அம்பலம் அதை அவர் கையில் கொடுத்தார். மேல் துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார். நடையில் சாத்தியிருந்த மம்பட்டியை எடுத்துத் தோளில் போட்டார். யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. மழையில் இறங்கி நடந்தார்.

ஊர் அவருக்குப் பின்னால் எழுந்தது.

முதல் கூடை மண்ணை அவர் போட்டார். பனந்தடிகளை உருட்டி வந்து குறுக்கே போட்டார்கள். உடைமுள்ளை வெட்டி அமுக்கினார்கள். சாக்கில் மணலை நிரப்பினார்கள். இடுப்பளவு தண்ணீரில் பாக்கரும் சேதுலட்சுமியும் கை கோத்து நின்று வைக்கோல் கட்டுகளை வாங்கி மிதித்தார்கள். அந்தக் கூட்டத்தில் யாரும் தலைப்புக் கொடுக்கவில்லை. யாரும் குறிப்பெடுக்கவில்லை. "இங்கன போடு", "அங்கன மிதி", "ஏலே, தடியை விட்டுறாத" என்பதற்கு மேல் யாரும் எதுவும் பேசவில்லை.

வீட்டிலோ அதிகாரிகள் பந்தியில் உட்கார்ந்திருந்தார்கள். இலை போட்டாகிவிட்டது. தண்ணீரும் தெளித்தாகிவிட்டது. வீரலெட்சுமி பின்கட்டிலிருந்து வெளியே வந்தாள். அவளுக்குப் பின்னால் இரண்டு பெண்கள் கொப்பரையைக் கம்பில் கோத்துத் தூக்கி வந்தார்கள். பந்தியைப் பார்த்தபடியே மூவரும் வாசலைத் தாண்டினார்கள்.

"அம்மா, சாப்பாடு எங்கே போகிறது?" என்று கேட்டார் ஞானசிகாமணி.

"பசிச்சவுக கரையில நிக்கிறாக," என்றாள் வீரலெட்சுமி. "நீங்க பேசிக்கிட்டிருங்க."

சாயங்காலம் உடைப்பு அடைபட்டது. மறுநாள் கண்மாய் நிரம்பி மிச்சத் தண்ணீர் கலுங்கு வழியே வழிந்து போயிற்று. ஓவர்சியர் வெயில் வந்தபின் வந்து பார்த்தார். அடுத்த வாரம் சம்மன் வந்தது. அனுமதியின்றிச் சர்க்கார் கரையில் மண் போட்ட குற்றம். எதிரி: நாகநாத அம்பலம்.

சம்மனுக்குப் பின்னாலேயே ஞானசிகாமணியும் வந்தார். முகத்தில் பழைய மினுமினுப்பு இல்லை.

"அம்பலம் அவர்களே, தாங்கள் கவலைப்படவே வேண்டாம். நான் காப்பாற்றுகிறேன். அன்றைய மன்றக் குறிப்பில் என்ன இருக்கிறது? 'மாலை ஐந்து மணிவரை ஊரார் அனைவரும் மன்றத்தில் இருந்தனர். உபசாரகர் புன்னகைத்தார்.' நானும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன், பெரிய அதிகாரியும் போட்டிருக்கிறார். தாங்கள் வீட்டில் இருந்தீர்கள். கரைக்கே போகவில்லை. கோர்ட்டில் அதை மட்டும் சொல்லுங்கள்."

"அப்ப ஒடப்பை அடைச்சது யாரு?"

"அது குறிப்பில் இல்லை."

அம்பலத்துக்கு விளங்கியது. அந்தக் குறிப்புக்காக வட்டாரத்துக்குப் பரிசுக் கேடயம் கொடுத்திருந்தார்கள். தாம் கரைக்குப் போயிருந்தால் குறிப்பு பொய். குறிப்பு பொய் என்றால் கேடயம் பொய், ஞானசிகாமணி பொய், பெரியவரின் கையெழுத்தும் பொய்.

"சார்," என்றார் அம்பலம். மன்றம் தொடங்கியபின் முதல் தடவையாக அவர் பேச்சை யாரும் தடுக்கவில்லை. "ஊரு தண்ணியில நிக்கையில நான் வீட்டுல ஒக்காந்து சிரிச்சுக்கிட்டு இருந்தேன்னா சொல்லச் சொல்றீங்க? எங்க வம்சத்துல எவனும் கோர்ட்டுப் படி ஏறினதில்ல. நான் ஏறுறேன். அது எனக்குக் கொறச்சல்தான். ஆனா நீங்க சொல்றதைச் சொல்லிட்டு எறங்கினேன்னா, எம் பேரனுக்குப் பேரன் வரைக்கும் தலை நிமிந்து நடக்க ஏலாது. போயிட்டு வாங்க."

திருவாடானை சப் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் அப்படி ஒரு வழக்கு அதற்கு முன் நடந்ததில்லை. குற்றம் செய்ததாக ஓவர்சியர் சாட்சி சொன்னார். செய்யவில்லை என்று எதிரியின் சார்பில் வளர்ச்சி அதிகாரியே வலிய வந்து சாட்சி சொன்னார். குறிப்பை நீட்டினார். கேடயத்தின் புகைப்படத்தையும் நீட்டினார்.

மாஜிஸ்திரேட் வயதானவர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இரண்டு சர்க்கார் அதிகாரிகள். இரண்டு சத்தியம். இவர் நீர் கரையில் இருந்ததாகச் சொல்கிறார். அவர் நீர் வீட்டில் சிரித்துக்கொண்டிருந்ததாகச் சொல்கிறார். எது நிஜம்?"

கூண்டில் அம்பலம் நிமிர்ந்து நின்றார்.

"ஓவர்சியர் சொல்றதுதான் எசமான் நெசம். மொதக் கூடை மண்ணு எங் கை. நான் சிரிக்கல."

"குற்றத்தை ஒப்புக்கொள்கிறீர்."

"அடைச்சதை ஒத்துக்கிறேன். குத்தமா இல்லையாங்கிறதை நீங்க சொல்லுங்க."

ஞானசிகாமணி எழுந்தார். "கனம் மாஜிஸ்திரேட் அவர்களே, எதிரிக்கு மழையில் நனைந்து புத்தி..."

"உட்காரும்," என்றார் மாஜிஸ்திரேட். பிறகு யோசித்து, "வேண்டாம், நில்லும்," என்றார்.

தீர்ப்பு சுருக்கமாக இருந்தது. சட்டப்படி குற்றம் குற்றம்தான். எதிரி அன்று கோர்ட் கலையும்வரை கோர்ட்டிலேயே நிற்க வேண்டும், அதுவே தண்டனை. வளர்ச்சி அதிகாரி கொடுத்த குறிப்பு கோர்ட்டில் இருக்கட்டும். அதைப் பற்றிக் கேட்க வேண்டியது நிறைய இருப்பதால் அவரும் கோர்ட் கலையும்வரை வெளியே போகக் கூடாது.

ஒரு சுவரோரம் அம்பலம் நின்றார். எதிர்ச் சுவரோரம் அதிகாரி நின்றார். டவாலிச் சேவகன் இரக்கப்பட்டு அம்பலத்திடம் ஒரு முக்காலியைக் கொண்டுவந்தான். வேண்டாம் என்று தலையசைத்தார். முக்காலியை அதிகாரி ஆசையோடு பார்த்தார். டவாலி அதை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

வெளியே வராந்தாவில் வீரலெட்சுமி உட்கார்ந்திருந்தாள். வாய்தாவுக்கு வந்திருந்த தொண்டிக்காரப் பெண் ஒருத்தி, ஹமீதா பானு என்று பெயர், பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். ஜன்னல் வழியாக உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"உள்ள நிக்கிறாகளே, அவுக உங்க வீட்டுக்காரவுகளா?"

"ஆமா."

"பாத்தாப் பெரிய மனுசரா இருக்காக. என்ன செஞ்சாக, பாவம்?"

வீரலெட்சுமி சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள். கோர்ட்டுக்குள் எதிர்ச் சுவர்வரை கேட்கும்படியாகச் சொன்னாள்:

"கம்மா ஒடப்பை அடைச்சாக."